இரண்டு வியன்னாக்காரர்களும் பூட்டிக் கிடக்கும் கடைவீதிகளும்

1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த பின் வியன்னாவை விட்டுத் தப்பி அமெரிக்கா போன யூதர்களில் இருவர் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள். ஒருவர் விக்டர் குருயன், கட்டடக் கலைஞர். இன்னொருவர் மேக்ஸ் ஹெல்லர். தெற்கு கரோலினா மாநிலத்தின் நெசவாலை ஊரான கிரீன்வில்லில் சட்டைத் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் தானே சட்டைத் தொழில் நடத்தி, 1971-இல் அந்த ஊருக்கே மேயரானவர். இருவர் மனதிலும் ஏறக்குறைய ஒரே படம் இருந்தது. மரநிழல் விழும் அகலமான நடைபாதை, கீழே கடை, மேலே குடியிருப்பு, மாலையில் வேலையில்லாமல் உலாவ வரும் கூட்டம். இந்தப் படத்தைக் கார்களின் நாட்டில் பதித்துவிட இருவருமே முயன்றார்கள். ஒருவருக்குக் கைகூடவில்லை, மற்றவருக்குப் பெருமளவு கூடி வந்தது. அந்த வித்தியாசம் எங்கே விழுந்தது என்று தேடினால், நடுத்தர நகரங்களின் மையப் பகுதிகள் ஏன் காலியாகின்றன, அரசுகளின் கொள்கைகளில் எவை பலிக்கின்றன என்பதில் பாதி விளங்கிவிடும்.

குருயன் 1956-இல் மினசோட்டாவின் ஈடைனாவில் சவுத்டேல் என்ற வணிக வளாகத்தைக் கட்டினார். முழுக்கக் கூரைக்குள் அடங்கிய, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட முதல் 'மால்' என்று அதைத்தான் சொல்கிறார்கள். கடைகளைச் சுற்றி வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் எழும், அது ஒரு புதிய நகர மையமாகவே வளரும் என்பது அவர் கணக்கு. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கார் நிறுத்துமிடம்தான். அதைப் பார்த்து நாடெங்கும் எழுந்த மால்கள் பழைய கடைவீதிகளின் வியாபாரத்தை உறிஞ்சத் தொடங்கியபோது, அந்தக் கடைவீதிகளைக் காப்பாற்ற வழி கேட்டும் அவரிடமே போனார்கள். மிச்சிகனின் கலமசூ நகருக்கு அவர் ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். மையத்தைச் சுற்றி ஒரு வட்டச்சாலை, அதன் ஓரத்தில் கார் நிறுத்துமிடங்கள், உள்ளே முழுவதும் நடப்பவர்களுக்கு. நகராட்சி அதில் செலவு குறைந்த துண்டை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டது. 1959-இல் இரண்டு பிளாக் நீளத்துக்குத் தெருவை அடைத்துச் செடி வைத்துப் பெஞ்சு போட்டது. அமெரிக்காவில் இப்படிக் கார்களை வெளியேற்றிய முதல் கடைவீதி அது.

அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் சுமார் 200 ஊர்கள் கலமசூவைப் பார்த்துத் தங்கள் கடைவீதிகளை அடைத்தன. பிறகு பெரும்பாலான ஊர்கள் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டன. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ 1964-இல் அடைத்ததை 2017-இல் திறந்தது. கலமசூவே 1998-இல் ஒரு பகுதியில் கார்களை மீண்டும் அனுமதித்தது. தாக்குப்பிடித்தவற்றில் போல்டர், பர்லிங்டன், சார்லட்ஸ்வில் ஆகிய மூன்றையும் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். மூன்றும் பல்கலைக்கழக ஊர்கள். நடந்தே வரக்கூடிய தூரத்தில் சில ஆயிரம் பேர் ஏற்கெனவே இருந்ததால் அங்கே நடைவீதி பிழைத்தது. மற்ற ஊர்களில் தெருவை அடைத்த பிறகுதான், கார் போனால் வேறு யாரும் வருவதற்கில்லை என்பது தெரிய வந்தது.

பெருநகரத்தில் இந்தத் தவறு மறைந்துவிடும். ஓயாமல் ஆட்கள் வந்து குவியும் இடத்தில் ஒரு வட்டாரம் சரிந்தால் இன்னொரு பத்தாண்டில் யாராவது அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஐம்பதாயிரம் முதல் நான்கைந்து லட்சம் மக்கள் வரை உள்ள ஊர்களின் நிலை வேறு. அங்கே பல இடங்களில் மக்கள்தொகை அப்படியே நிற்கிறது அல்லது மெல்லக் குறைகிறது. ஆனால் ஊரின் பரப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு விரிகிறது. வாங்குபவர்களும் அவர்கள் கையிலிருக்கும் பணமும் அதே அளவு, கடைகளின் சதுர அடி மட்டும் இரட்டிப்பாகிறது. அப்படியானால் புறவழிச்சாலையில் திறக்கும் ஒவ்வொரு பெரிய கடையும் மையத்தில் ஏதோ சில ஷட்டர்களை இறக்குகிறது. நடுத்தர நகரத்தின் மையத்தைப் பற்றிய கொள்கை என்பது, என் பார்வையில், குறைவாக இருக்கும் ஒன்றை எங்கே வைப்பது என்ற முடிவுதான். அதைச் சொல்லாமல் அழகுபடுத்தலைப் பற்றியே பேசும் திட்டங்கள் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுகின்றன.

நகராட்சிகள் ஏன் ஊரின் விளிம்பில் பெரிய கடைகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டே இருக்கின்றன? புதிய பெரிய கடை செலுத்தும் மொத்த வரி கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. வட கரோலினாவின் ஆஷ்வில்லில் ஜோ மினிகோசி என்ற நகர்ப்புறத் திட்டமிடுநர் அந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்த்தார். காரின் சிக்கனத்தை ஒரு தொட்டி எரிபொருளுக்கு எவ்வளவு ஓடும் என்று யாரும் கேட்பதில்லை, ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். அதுபோல வரியையும் ஏக்கருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஊரோரத்து வால்மார்ட் கடை ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 6,500 டாலர் சொத்து வரி கட்டியது. மையத்தில் கீழே கடை, மேலே வீடு, அலுவலகம் என்று புதுப்பிக்கப்பட்ட, கால் ஏக்கர்கூட இல்லாத ஒரு பழைய கட்டடம் ஏக்கர் கணக்கில் சுமார் 6,34,000 டாலர் கட்டியது. சாலை, குழாய், சாக்கடை எல்லாம் ஏக்கரோடு சேர்ந்து நீள்பவை. அவற்றைப் பராமரிக்கும் செலவையும் சேர்த்துக்கொண்டால், எந்தக் கட்டடம் எதற்குப் படியளக்கிறது என்பது தெளிவாகிவிடும். இது நகராட்சிக் கணக்கர்களுக்குத் தெரியாத கணிதமல்ல. யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிரான்ஸ் இந்தப் பாடத்தைச் சற்றுத் தாமதமாகப் படித்தது. நடுத்தர நகரங்களின் மையங்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 500 கோடி யூரோ என்று அறிவித்து, 2018-இல் 222 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது அரசு. 'ஆக்‌ஷன் கேர் த வில்' என்று பெயர், 'நகர இதயத்துக்கான செயல்திட்டம்' என்று பொருள் கொள்ளலாம். பணம் ஒரு பக்கம் மையத்துக்குப் போக, அதே ஊர்களின் விளிம்பில் பேரங்காடிகளுக்கு அனுமதிச் சீட்டும் போய்க்கொண்டிருந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த எலான் சட்டம் இதைச் சரிசெய்யப் பார்த்தது. மையத்தைப் புதுப்பிக்க அரசோடு ஒப்பந்தம் போட்ட ஊர்களில், மையத்துக்குள் கடை திறக்கத் தனி வணிக அனுமதி தேவையில்லை. விளிம்பில் வரும் விண்ணப்பத்தை மாவட்ட அரசுப் பிரதிநிதி சில ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கலாம். 500 கோடியை விட இந்தச் சின்ன விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் 'நிறுத்தி வைக்கலாம்' என்பது 'நிறுத்தி வைக்க வேண்டும்' என்பதாகாது. வேலைவாய்ப்பு வேண்டும் என்று மேயர்களே வந்து நிற்கும்போது அந்த அதிகாரத்தைத் தொடுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இனி பூட்டிய ஷட்டரை அருகில் போய்ப் பார்க்கலாம். ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கும் கடையை அதன் உரிமையாளர் ஏன் குறைந்த வாடகைக்காவது விடுவதில்லை? முட்டாள்தனம் என்று வெளியிலிருந்து தோன்றும். அவர் பக்கம் நின்றால் காரணம் புரியும். கட்டடத்தின் மதிப்பைப் பெரும்பாலும் வாடகையை வைத்தே போடுகிறார்கள். வாடகை 100 என்று கணக்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60-க்கு விட்டால் அந்த 60 ஒப்பந்தத்தில் ஏறி, கட்டடத்தின் மதிப்பும் அதோடு இறங்கும். அதை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கியிருந்தால் வங்கி கேள்வி கேட்கும். பக்கத்துக் கடைக்காரரும் தனக்கும் குறைக்கச் சொல்வார். ஷட்டர் இறங்கியே இருந்தால் 100 என்பது காகிதத்தில் பத்திரமாக இருக்கும். போதாதற்குப் பல ஊர்களில் காலிக் கட்டடத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு. இடித்துத் தள்ளிக் கார் நிறுத்துமிடமாக ஆக்கிவிட்டால் வரி இன்னும் குறைவு. நிலத்தின் விலை ஏறும்வரை காத்திருக்கச் சொல்லி வரி விதிமுறையே அவருக்கு ஆலோசனை கூறுகிறது. அமெரிக்க நகரங்களில் பலவற்றின் மத்தியில் பல் விழுந்த வாய்போல் தெரியும் காலி மனைகள் இப்படி வந்தவைதான்.

இதற்கு வரி வழியாகவே ஒரு மருந்து உண்டு. கட்டடத்தின் மீதான வரியைக் குறைத்து, அடியில் இருக்கும் நிலத்தின் மீதான வரியைக் கூட்டுவது. நல்ல கட்டடம் எழுப்பியவருக்குத் தண்டனை குறையும், மனையைச் சும்மா வைத்திருப்பவருக்குச் சுமை கூடும். பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க், ஆலன்டவுன் போன்ற ஊர்கள் இந்த இரட்டை விகிதத்தைப் பின்பற்றுகின்றன. பிட்ஸ்பர்க் பல பத்தாண்டுகள் வைத்திருந்து, மதிப்பீடுகளைப் புதுப்பித்தபோது எழுந்த எதிர்ப்பில் 2001-இல் கைவிட்டது. பொருளாதார அறிஞர்கள் பலர் ஒத்துக்கொள்ளும் வரி இது, வாக்காளரிடம் விளக்குவதற்குத்தான் கடினம்.

பிரிட்டன் நேரடியாகவே கை வைத்துப் பார்க்கிறது. 2023-இல் இயற்றிய சட்டத்தின்படி 2024 டிசம்பர் முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு ஒரு புதிய அதிகாரம் கிடைத்திருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் 365 நாட்களுக்கு மேல் காலியாகக் கிடந்த கடையை, உரிமையாளர் இசையாவிட்டாலும், ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரையான குத்தகைக்கு ஏலம் விடலாம். குறைந்தபட்ச வாடகை என்ற வரம்பு கிடையாது. எத்தனை ஊர்கள் இதைக் கையிலெடுக்கும் என்பது வேறு விஷயம். ஏலம் வரும் என்ற அச்சத்திலேயே சில உரிமையாளர்கள் இறங்கி வருவார்கள் என்பதுதான் இதன் உள்நோக்கம்.

வற்புறுத்தாமலும் செய்யலாம் என்று காட்டியது ஆஸ்திரேலியாவின் நியூகாசில். 1989-இல் நிலநடுக்கம், 1999-இல் எஃகு ஆலை மூடல் என்று அடிமேல் அடி வாங்கிய ஊர். 2008-இல் மார்கஸ் வெஸ்ட்பரி என்பவர் தன் சொந்த ஊரின் முக்கியத் தெருக்களில் நடந்தபடி காலிக் கட்டடங்களை எண்ணிப் பார்த்தார். 150-ஐத் தாண்டியது. அவர் தொடங்கிய 'ரினியூ நியூகாசில்' அமைப்பு ஒரு செங்கல்லைக்கூட வைக்கவில்லை, ஒரு ஒப்பந்தத் தாளை மாற்றியது. குத்தகைக்குப் பதிலாக முப்பது நாட்களுக்கு மட்டும் செல்லும், மாதா மாதம் புதுப்பிக்கும் உரிமம். உண்மையான வாடகைதாரர் கிடைத்தால் உடனே காலி செய்துவிட வேண்டும். குத்தகையில்லை என்பதால் காகிதத்தில் நின்ற அந்த 100-க்குப் பங்கமில்லை, வாடகைதாரர் உரிமை பற்றிய பயமும் இல்லை. காப்பீட்டை அமைப்பு பார்த்துக்கொண்டது. உரிமையாளர்கள் சாவியைக் கொடுத்தார்கள். கைவினைஞர்களும் ஓவியர்களும் சிறு பதிப்பாளர்களும் ஏறக்குறைய வாடகையே இல்லாமல் உள்ளே போனார்கள். சிலர் சில மாதங்களில் கிளம்பினார்கள், சிலர் பிறகு உண்மையான குத்தகைக்கே மாறினார்கள். முதலீட்டை ஈர்க்கக் கோடிகளில் சலுகை அறிவிக்கும் முன், தங்கள் ஊரில் வழங்கும் குத்தகைப் பத்திரத்தை நகராட்சிகள் ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்கலாம்.

மாடிகளின் கதை இதைவிடச் சுவையானது, ஆனால் யாரும் பேசுவதில்லை. பழைய கடைவீதிகளில் கடைக்கு மேலே இரண்டு, மூன்று தளங்கள் இருக்கும். ஒரு காலத்தில் கடைக்காரரோ வேறு குடும்பமோ குடியிருந்த இடம். அவை ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் இன்று காலியாக இருக்கின்றன. காரணத்தைத் தேடினால் பல கட்டடங்களில் படிக்கட்டு காணாமல் போயிருப்பது தெரியும். காட்சி ஜன்னலை இன்னும் ஒரு மீட்டர் அகலமாக்குவதற்காகத் தெருப்பக்கத்து வாசலையும் அதன் பின்னே ஏறிய படியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது மாடிக்குப் போக வேண்டுமானால் கடைக்குள் நுழைந்து, சரக்கறையைத் தாண்டி ஏற வேண்டும். கடை மூடிய பிறகு அதுவும் முடியாது. இதோடு தீயணைப்பு விதி, தனி மின் இணைப்பு, இரண்டாவது வெளியேறும் வழி என்று சேரும்போது, மாடியை வீடாக்கும் செலவு வாடகையை விழுங்கிவிடுகிறது. மையத்தில் குடியேற்றம் என்று மேடையில் முழங்கும் கொள்கை, கடைசியில் இரண்டு கட்டடங்களுக்குப் பொதுவாக ஒரு படிக்கட்டு வைப்பதற்கு மானியம் உண்டா என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

மாலுக்கு ஒரு மேலாளர் இருக்கிறார். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, எத்தனை மணிக்குத் திறப்பது, குப்பையை யார் அள்ளுவது என்பதை ஒருவர் முடிவு செய்கிறார். கடைவீதியில் நூறு பேர் நூறு விதமாக நடந்துகொள்கிறார்கள். இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி 1970-இல் டொரான்டோவின் புளூர் வெஸ்ட் கடைவீதியில் தொடங்கியது. டிராம் ஓடிய தெருவுக்குக் கீழே சுரங்க ரயில் வந்ததும், கடைகளைப் பார்த்துக்கொண்டே போன பயணிகள் பூமிக்கடியில் மறைந்துவிட்டார்கள். வணிகர் சங்கத்துக்கு விருப்பப்பட்டவர்கள் மட்டும் சந்தா கட்ட, கட்டாதவர்களும் அந்தப் பணத்தில் எரிந்த விளக்கொளியை அனுபவித்த வழக்கத்தை அந்த வீதியின் வணிகர்கள் மாற்றினார்கள். எல்லையை வரைந்து, அதற்குள் உள்ள எல்லா வணிகரிடமும் நகராட்சி மூலமாகவே கூடுதல் வரி வசூலித்து, அந்தப் பணத்தை அந்தத் தெருவிலேயே செலவிடும் ஏற்பாடு. உலகின் பல நாடுகளில் இன்று வழங்கும் வணிக மேம்பாட்டு மாவட்டங்களுக்கு இதுவே முன்னோடி. பெரிய உரிமையாளர்களின் கை ஓங்கி, வீடற்றவர்களையும் நடைபாதை வியாபாரிகளையும் விரட்டும் தனியார் காவலாக இவை மாறிவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது.

கலிபோர்னியாவின் பழைய பசடீனாவில் இதே தந்திரத்தைக் கார் நிறுத்தக் கட்டணத்துக்குப் பயன்படுத்தினார்கள். மீட்டர் வைத்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று கடைக்காரர்கள் அடம்பிடித்தார்கள். உண்மையில் இலவச இடங்களைக் காலை முதல் மாலை வரை அடைத்துக்கொண்டிருந்தவை அவர்களுடைய, அவர்களுடைய ஊழியர்களுடைய கார்கள். வசூலாகும் பணம் முழுவதும் இந்தத் தெருக்களுக்கே திரும்பும் என்று நகராட்சி வாக்குக் கொடுத்த பிறகு 1993-இல் மீட்டர்கள் வந்தன. அந்த வருமானத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கி நடைபாதைகளையும் பின்சந்துகளையும் சீரமைத்தார்கள்.

ஜப்பானின் தகமட்சு எல்லோரையும்விட ஒரு படி மேலே போனது. அங்கே மருகமெமச்சி என்ற பழைய கடைவீதியின் நில உரிமையாளர்கள் நிலத்தை விற்காமல், தாங்களே பங்கெடுத்த ஒரு நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார்கள். எந்த மனையில் எது கட்டுவது, எந்தக் கடையை அழைப்பது என்ற உரிமை நிறுவனத்திடம் போனது. வாடகை நிலையான தொகையாக வராமல் வருமானத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதனால் காலிக் கடையின் நட்டம் உரிமையாளரையும் நேரடியாகச் சுடும். முதல் பகுதி 2006-இல் திறந்தபோது, பேச்சுத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பின்னர் மேல் தளங்களில் வீடுகளும், தெருவிலேயே ஒரு கிளினிக்கும் வந்தன. தலைமுறைகளாகக் கைமாறிய மனையின் மேல் உள்ள பிடியைத் தளர்த்த ஒருவரை ஒருவர் சம்மதிக்க வைக்கத்தான் அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

நேரம் என்றதும் ஹெல்லரிடம் திரும்பலாம். கிரீன்வில்லின் மெயின் தெருவில் நான்கு வரிசையாகக் கார்கள் விரைந்து கடந்துகொண்டிருந்தன. அவர் தெருவை அடைக்கவில்லை. நான்கை இரண்டாக்கி, நடைபாதையை அகலப்படுத்தி, மரம் நட்டு, காரைச் சாய்வாக நிறுத்த இடம் விட்டார். கார் வரட்டும், மெதுவாக வரட்டும் என்பது ஏற்பாடு. குருயனின் வாரிசுகள் செய்யாத சமரசம் இது. 1979-இல் பதவியை விட்டு இறங்கினார். அவர் காலத்தில் பேச்சு நடந்த ஹோட்டல் 1982-இல் திறந்தது. ஊருக்குள்ளேயே ஓடும் ரீடி ஆற்றின் அருவியை 1960 முதல் ஒரு நெடுஞ்சாலைப் பாலம் மறைத்துக்கொண்டிருந்தது. வேறொரு மேயரின் காலத்தில் அதை இடித்துப் பூங்கா அமைத்து, 2004-இல் நடைபாலம் திறந்தார்கள். இடையில் வந்தவர்கள் முந்தியவரின் திட்டத்தைக் குப்பையில் போடாததுதான் அந்த ஊரின் அதிசயம். விலையும் இருந்தது. மையத்தின் மதிப்பு ஏற ஏற, அதை ஒட்டிய பகுதிகளில் வாழ்ந்த கறுப்பின மக்களின் பங்கு ஊரின் மக்கள்தொகையில் வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைந்த வாடகை வீடுகளை நிலம் மலிவாக இருக்கும்போதே ஒதுக்கிவைக்க வேண்டும். வெற்றி கண்ணுக்குத் தெரியும் நாளில் நிலம் எட்டாத விலையில் இருக்கும்.

வட ஜப்பானின் அவோமோரிக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. ரயில் நிலையத்தின் எதிரே 2001-இல் அவுகா என்ற பெரிய கட்டடத்தைத் திறந்தது. கீழ்த்தளங்களில் நாகரிகக் கடைகள், மேலே நகர நூலகம். நூலகத்துக்குக் கூட்டம் வந்தது, வந்த கூட்டம் லிஃப்டில் ஏறி நூலகத்துக்குப் போய் அதே லிஃப்டில் இறங்கிப் போனது. கடைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கியது, பிரச்சினை மேயரின் பதவி வரை போனது. அதே நாட்டின் தொயாமா ஏறக்குறைய அதே காலத்தில் வேறு வழியில் போனது. நலிந்த ரயில் பாதை ஒன்றை 2006-இல் இலகு ரயிலாக மாற்றி, 2009-இல் மையத்தைச் சுற்றும் டிராம் விட்டு, அந்தப் பாதைகளின் ஓரத்தில் வீடு வாங்குவோருக்கு மானியம் தந்து, 65 வயதைக் கடந்தவர்கள் 100 யென்னில் மையத்துக்கு வந்துபோகச் சீட்டுக் கொடுத்தது. ஒரே கட்டடத்தில் கூட்டத்தை வரவழைக்கப் பார்க்காமல், முதியவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குக் காரணம் தேடிக் கொடுத்தது.

நகராட்சியின் கையில் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒரு கருவி எப்போதும் உண்டு. தன் சொந்த அலுவலகம், நூலகம், மருத்துவமனை, கல்லூரி, நீதிமன்றம் ஆகியவற்றை எங்கே வைப்பது என்ற முடிவு. இடம் தாராளமாகக் கிடைக்கிறது, கார் நிறுத்த வசதி என்று சொல்லி இவற்றை விளிம்புக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அரசேதான். பிறகு மையத்தைப் புதுப்பிக்க அதே அரசு குழு அமைக்கும். அவோமோரியில் 2017 பிப்ரவரியில் அவுகாவில் தரைக்கு மேலிருந்த கடைகள் மூடப்பட்டன. மறு ஆண்டு நகராட்சி தன் சேவை முகப்புகளை அந்தத் தளங்களுக்கு மாற்றியது. இன்று முகவரிச் சான்றுக்கும் வரிக் கணக்குக்கும் வருபவர்கள், ஒரு காலத்தில் துணிக்கடைகள் இருந்த தளத்தில் எண் அச்சிட்ட டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.